அட்டையா, காதா?

நான்கு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கப் பழக்க இரண்டு வழி. ஒன்று, எழுத்து அட்டை. 247 எழுத்தையும் வரிசையாகக் காட்டலாம், உருவம் பதியும். ஆனால் வீட்டில் ஆங்கிலமே புழங்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு ‘ழ’ வெறும் படம்தான்.

இன்னொன்று, ஒலி விளையாட்டு. எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்தபடியே ஆடலாம். ‘பூ’வில் தொடங்குவது? பூனை, பூரி, பூட்டு. ‘கல்’ மாதிரி முடிவது? பல், வில், நெல். ‘அம்மா’வுக்குக் கை தட்டினால் இரண்டே தட்டு, எழுத்தோ மூன்று. புள்ளி வைத்த ‘ம்’ முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்வது அங்கேதான் பிடிபடும். பல்லி, பள்ளி வேறுபாடும் முதலில் காதில் விழ வேண்டும். (எனக்கே சில நாள் நாக்கு குழறும்.)

என் ஓட்டு ஒலிக்குத்தான். அட்டையா? சரி, விளையாட்டில் வந்த சொற்களுக்கு மட்டும் அப்புறம் எடுக்கலாம்.