ஃபாதர் அண்ணன் வாங்கிக் குடுத்த வீல்சேர், 4 மாசம் தள்ளினதுக்கு அப்புறம் எழுதுற ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், 5க்கு 3 ஸ்டார். அதுலயும் ஒரு ஸ்டார் சேருக்கு இல்ல, எங்க கடலூர் திருப்பாப்புலியூர் சைக்கிள் கடைக்காரருக்கு. ஏன்னு கீழ வரும்.

கம்பெனி பேரு போடல, ஏன்னா இதே மாடலத்தான் பல பேருல ஸ்டிக்கர் மாத்தி விக்கிறாங்க போல, படத்த பாத்தா எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. அலுமினியம் ஃபிரேம், மடக்குற டைப், நாலு சக்கரமுமே சின்னது, பின்னாடி சக்கரம் 12 இன்ச், வெய்ட் 9 கிலோ சொச்சம், நாங்க குடுத்தது 9,400 ரூபாய்.

அம்மாவுக்கு 83 வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்புல ஆபரேஷன் ஆச்சு, இப்ப வீட்டுக்குள்ள வாக்கர் பிடிச்சு நடப்பாங்க, வாசப்படி தாண்டணும்னா ஒருத்தர் தாங்கிப் பிடிக்கணும். பெரிய அண்ணன் கத்தோலிக்க சாமியாரு (ஃபாதர்), தான்சானியால மிஷன்ல இருக்காரு, 19 வருஷம் ஆச்சு, மூணு வருஷத்துக்கு ஒருவாட்டிதான் லீவு கிடைக்கும். இந்த வாட்டி அக்னி நட்சத்திரம் முடிஞ்ச கையோட 35 நாள் லீவுல வந்தாரு. வர்றதுக்கு முன்னாடியே அங்க உக்காந்துக்கிட்டு ஆன்லைன்ல பாத்து ஆர்டர் பண்ணி வீட்டுக்கு அனுப்பிட்டாரு. தினமும் அம்மாவ பாத்துக்குற எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. இந்த ரிவ்யூவே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் எழுதறேன்.

கடையில பாத்தீங்கன்னா ரெண்டு வகை இருக்கும். ஒண்ணு பின்னாடி 24 இன்ச் பெரிய சக்கரம், அதுல கையால சுத்துற வளையம் இருக்கும், உக்காந்திருக்கவங்களே கொஞ்சம் உருட்டிக்கலாம், ஆனா ஸ்டீல்ல வாங்கினா 17, 18 கிலோ வரும். இன்னொண்ணு நம்ம வீட்டுக்கு வந்தது, அடுத்தவங்க தள்ளினாதான் நகரும், ஆனா லேசா இருக்கும், கார் டிக்கில ஒத்த ஆளா தூக்கிப் போடலாம். அண்ணன் பாத்தது இதத்தான். அவருக்கு 35 நாள்ல அம்மாவ வில்லியனூர் கூட்டிட்டுப் போகணும், பாண்டிச்சேரி போகணும், பண்ருட்டில சித்தி வீட்டுக்குப் போகணும், அதுக்கு இது கரெக்ட்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அவரு போனப்புறம் 365 நாளும் எங்க தெருவுல தள்றது யாரு? பாதி சிமெண்ட்டு, பாதி ஜல்லி, நடுவுல சாக்கடை மூடி, சின்ன சக்கரம் ஒரு இன்ச் மேடு வந்தாலே முட்டிக்கிட்டு நிக்குது, நான் முன்பக்கத்த தூக்கித் தூக்கி ஏத்தணும், பின்னாடி பெரிய சக்கரமா இருந்தா அதுக்கப்புறமாவது சுலபமா ஏறிப் போயிருக்கும். லீவுல வர்றவங்க வாங்கினா லீவுக்கு ஏத்த மாதிரிதான் வாங்குவாங்க, அவங்கள சொல்லி குத்தமில்ல, அதனால வெளிநாட்டுல இருக்குற அண்ணன் தம்பிங்க யாராவது படிச்சீங்கன்னா, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கவங்களுக்கு ஒரு போன் பண்ணிடுங்க.

சரி, வந்துச்சு. அம்மா பாத்தாங்க. "எனக்கு என்ன காலா இல்ல"ன்னாங்க. முடிஞ்சுது. நாலு நாள் அது துணி காயப்போடத்தான் யூஸ் ஆச்சு. அண்ணன் கெஞ்சிப் பாத்தாரு, பைபிள்ல இருந்துகூட எடுத்து விட்டாரு, ஒண்ணும் நடக்கல. அஞ்சாம் நாள் சாயங்காலம் என்ன பண்ணாரு தெரியுமா, வெள்ள அங்கிய மாட்டிக்கிட்டு அவரே சேர்ல ஏறி உக்காந்து, என் பையன தள்ளச் சொல்லி தெருமுனை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாரு. தெருவே சிரிக்குது. அம்மாவுக்கு வந்துச்சே கோவம், "சாமிய வண்டில வெச்சு இழுத்துட்டுத் திரியிறீங்களே, ஊரு என்ன பேசும், எறங்குப்பா மொதல்ல"ன்னு வாக்கர தள்ளிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டாங்க. அவரு எறங்குனாரு, அம்மா மூச்சு வாங்குது, நிக்க முடியல, உக்கார வேற எதுவும் அங்க இல்ல. அப்படித்தான் மொத தடவ உக்காந்தாங்க. (எங்கம்மா வீட்டுக்குள்ள அவர தம்பின்னுதான் கூப்பிடுவாங்க, வாசல் தாண்டிட்டா சாமி. அவருக்கு சாமியார் பட்டம் ஆன நாள்ல இருந்து இப்படித்தான், ஒருநாளும் மாத்திச் சொன்னதில்ல.)

ஃபுட்ரெஸ்ட் பத்தி சொல்லணும். கால் வைக்கிற பலகை தனித்தனியா மடங்குறது, ஒவ்வொரு வாட்டியும் குனிஞ்சு கையால இறக்கி காலத் தூக்கி வைக்கணும், ஏறும்போதும் இறங்கும்போதும் அத மடக்காம விட்டா பலகை மேல ஏறி நின்னு சேரோட கவுந்துடுவாங்க, இத வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. அண்ணன் இருந்த வரைக்கும் இந்த வேல அவருது. தரையில முட்டி போட்டு காலத் தூக்கி வெச்சிட்டு "ஷிகமோ மாமா"ன்னு சொல்லுவாரு (மாமான்னா அங்க அம்மா). அவங்க ஊரு சுவாஹிலி பாஷையில பெரியவங்களுக்கு சொல்ற வணக்கம், காலைப் பிடிக்கிறேன்னு அர்த்தமாம், பெரியவங்க பதிலுக்கு "மரஹாபா"ன்னு சொல்லணுமாம். அம்மா ரெண்டே நாள்ல கத்துக்கிட்டாங்க. அங்க மக்காச்சோள மாவுல கிண்டுற உகாலியத்தான் தினம் சாப்பிடறேன்னு அவரு சொன்னதுக்கு, "களி திங்கவா உன்ன அவ்ளோ தூரம் அனுப்பினேன், அத இங்கயே கிண்டிப் போட்டிருப்பேனே"ன்னாங்க.

ஞாயித்துக்கிழமை எங்க பங்குக் கோயில்ல அண்ணன்தான் பூசை வெச்சாரு. இங்கதான் இந்த சேரோட இன்னொரு குறை தெரிஞ்சுது, ஃபுட்ரெஸ்ட் முன்னாடி ஒரு அடி நீட்டிக்கிட்டு இருக்கு, நன்மை (பூசையில சாமியாரு குடுக்குற அப்பம்) வாங்க வரிசையில தள்ளிட்டுப் போனா முன்னாடி நிக்கிறவங்க குதிகால்ல போய் இடிக்குது, ரெண்டு பேரு திரும்பி முறைச்சாங்க, ஒரு அக்காவுக்கு கொலுசே கழண்டுச்சு. சாமிய கீழ எறங்கி வரச் சொல்லட்டுமான்னு கேட்டதுக்கு அம்மா வேணாம்னுட்டாங்க, வரிசையிலதான் வருவேன்னு. சீட் உயரம் கம்மி, அதனால மொத தடவ நன்மை வாங்குற சின்னப் பிள்ளைங்களுக்கு குனியிற மாதிரி அண்ணன் குனிஞ்சு குடுத்தாரு. அப்ப அம்மா அவர அண்ணாந்து பாத்தாங்க. அத பத்தி வேற ஒண்ணும் எழுதல.

வெளியூர் டெஸ்ட்டுக்கு வரேன். வில்லியனூர் லூர்து மாதா கோயில்ல பிரச்சனையே இல்ல, குளத்தங்கரையோரமா நிழல் பாத்து நிறுத்திட்டோம், அம்மா ஜெபமாலைய முடிக்கிற வரைக்கும் சேர் அசையல. 1877ல பிரான்ஸ்ல இருந்து வந்த மாதா சிலை அங்க இருக்குறது. அண்ணன் ஒண்ணு சொன்னாரு, பாரிஸ் மிஷன் சாமியாருங்க 1776ல பாண்டிச்சேரி மிஷன எடுத்துக்கிட்டாங்க, அவங்கள்ல எத்தனையோ பேரு மறுபடி அம்மா முகத்தையே பாக்காம இங்கயே செத்துப் போனாங்க, நான் ஃப்ளைட்ல வந்து வண்டி தள்றேன், எனக்கு என்ன குறைன்னாரு. குறை இல்லதான். தள்றது 35 நாள்தான்னு நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், வாய விடல.

பாண்டிச்சேரில ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல இருக்குற இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கு போனோம், 1907ல திறந்த கோயில், அந்த கலர் கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்துல அம்மா அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தாங்க. சீட்டோட வண்டவாளம் இங்க வெளிய வந்துச்சு. வெறும் நைலான் துணி, ஊஞ்சல் மாதிரி நடுவுல தொய்யிது, தொடை ரெண்டும் உள்பக்கமா சாயுது, அரை மணிக்கு மேல உக்காந்தா இடுப்பு வலி. கூட ஒரு மெத்தை குடுத்தாங்க, அது பேருக்குத்தான். தனியா நல்ல குஷன் ஒண்ணு வாங்கி, அடியில கெட்டியா பலகை போட்டப்புறம்தான் சரியாச்சு, வயசானவங்களுக்கு ஒரே இடத்துல அழுத்தம் பட்டா புண்ணு வந்துடும், அரை மணிக்கு ஒருவாட்டி கொஞ்சம் தூக்கி உக்கார வைக்கணும். அப்புறம் அந்த கருப்பு ரெக்ஸின் கைப்பிடி, வெயில்ல நிறுத்தி வெச்சா தோசைக்கல்லுதான், துண்டு போட்டுட்டு உக்கார வைங்க.

சாயங்காலம் பீச் ரோடு. ஆறு மணிக்கு மேல அங்க வண்டி விடமாட்டாங்க இல்ல, இந்த சேருக்குன்னே போட்ட ரோடு மாதிரி, ஒரு விரல்ல தள்ளலாம், காந்தி சிலையில இருந்து அந்தப் பக்கம் கடைசி வரைக்கும் போயிட்டு வந்தோம், அம்மா சுண்டல் வாங்கித் தரச் சொன்னாங்க. இந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கேட்டா 5 ஸ்டார். மறுநாள் அதே தைரியத்துல நம்ம சில்வர் பீச் போனோம், மணல்ல ரெண்டடி கூட போகல, முன் சக்கரம் அப்படியே புதைஞ்சுடுச்சு. திருப்பிப் போட்டு பின்பக்கமா இழுத்தாதான் வருது, அதுக்கே மூணு ஆள். அன்னைக்கு மணல் உள்ள போனதுல முன் சக்கரம் கீச்சு கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சுது. கடலோரத்துல இருக்கவங்க கவனிங்க, ஃபிரேம்தான் அலுமினியம், ஸ்க்ரூ எல்லாம் இரும்பு, உப்புக் காத்துக்கு ரெண்டே மாசத்துல துரு ஏறிடுச்சு. பீச்சுக்கு போயிட்டு வந்தா நல்ல தண்ணில கழுவி தொடச்சு, ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க.

பண்ருட்டில இருந்து வரும்போது சித்தி ஒரு பலாப்பழம் குடுத்தாங்க, அது சேர விட வெய்ட்டு. டிக்கில ரெண்டும் ஒண்ணா போகல, பலா மடியில வந்துச்சு.

இப்ப சர்வீஸ். 22ம் நாள் ஒரு பக்க ஃபுட்ரெஸ்ட் கிளிப் உடைஞ்சுது, இடது பிரேக் பிடிக்காம போச்சு. வித்தவங்களுக்கு போன் பண்ணா மெயில் போடுங்கறான், மெயில் போட்டா போட்டோ அனுப்புங்கறான், போட்டோ அனுப்பினா வாரண்டி ஃபிரேமுக்கு மட்டும்தான் மேடம்ங்கறான். அண்ணன் சும்மா இருன்னாரு, அவரு யாரையும் திட்ட மாட்டாரு, அந்த வேலையும் என் தலையிலதான். கடைசியில திருப்பாப்புலியூர் சைக்கிள் கடைக்குத்தான் தூக்கிட்டுப் போனேன். அவரு முன் சக்கரத்த கழட்டி மணல எடுத்து கிரீஸ் வெச்சு, கிளிப்புக்கு பதிலா சைக்கிள் போல்ட் ஒண்ணு போட்டு, மொத்தம் 180 ரூபாய் வாங்குனாரு, அம்மாவுக்குன்னு சொன்னதும் 30 ரூபாய திருப்பிக் குடுத்தாரு. பிரேக் மட்டும் அவராலயும் முழுசா சரி பண்ண முடியல.

வாங்குறவங்க உக்காந்த நிலையில இடுப்பு அகலத்த டேப்ல அளந்துக்கோங்க, பக்கத்துக்கு ஒரு இன்ச் கூட இருந்தா போதும், எங்களுக்கு வந்தது 18, அம்மாவுக்கு 16 போதும், ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டே இருக்காங்க. கைப்பிடி மேல மடங்குற மாதிரி வாங்குங்க, அப்பதான் கட்டில்ல இருந்து நகத்தி உக்கார வைக்க முடியும், எங்களது மடங்காது. வாசல்ல ஆறு இன்ச் படி இருந்தா சரிவுப் பலகை ஆறு அடி நீளம் வேணும், நாங்க மூணு அடில போட்டு மொத நாளே அலறிட்டோம். சரிவுல எறங்கும்போது எப்பவும் சேர திருப்பி நீங்க முன்னாடி எறங்கி பின்பக்கமா எறக்கணும், நேரா எறக்கினா ஆளு முன்னாடி சரிஞ்சுடுவாங்க. கொஞ்ச நாளைக்குத்தான் தேவைன்னா வாங்கவே வாங்காதீங்க, எங்க ஏரியாலயே மாசம் 900 ரூபாய்க்கு வாடகைக்கு கிடைக்குது, இது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

அண்ணன் கிளம்பின அன்னைக்கு அம்மா ஏர்போர்ட் வரேன்னாங்க, நாலு மணி நேரம் கார்ல உக்கார முடியாதுன்னு விட்டுட்டுப் போனோம். கேட்டுக்கிட்ட சேர்ல உக்காந்து கை காட்டுனாங்க. நான் ராத்திரி திரும்பி வர்ற வரைக்கும் உள்ள வரமாட்டேன்னு அங்கயே இருந்தாங்களாம், என் பையன்தான் கொசுவத்தி ஏத்தி வெச்சிருந்தான்.

இப்ப 4 மாசம் ஆச்சு. வீட்டுக்குள்ள சிக்னல் சரியா எடுக்காது, ராத்திரி எட்டரைக்கு அண்ணன் வீடியோ கால் பண்ணுவாரு, அவங்களுக்கு அப்ப ஆறு மணி, அதனால எட்டே காலுக்கே அம்மா "வண்டிய எடு"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. வண்டி நல்லா இருக்கான்னு அவரு தினமும் கேக்கறாரு, சூப்பரா இருக்குன்னு அம்மா சொல்றாங்க. நான் போன்ல தெரியாத பக்கமா இடது சக்கரத்துக்கு ஒரு செங்கல் முட்டு குடுத்து வெச்சிருக்கேன்.