"கோவை–தூத்துக்குடி 51 நிமிஷம்" என்று டிக்கெட் விற்றால் வாங்காதீர்கள்

ரூ.14,700 போச்சு. இரண்டு பேருக்கு ஒரு வழிப் பயணம், கோவையிலிருந்து தூத்துக்குடிக்கு. டிக்கெட் போட்டது ஊட்டியில் ஒரு டிராவல்ஸ் கவுன்ட்டர். பெயர் வேண்டாம், அந்த மாதிரி கடைகள் நிறைய இருக்கின்றன.

நம்ப வைத்தது ஒரே ஒரு திரைதான். கவுன்ட்டரில் இருந்தவர் போனைத் திருப்பிக் காட்டினார்: தூரம் 278 கி.மீ., பறக்கும் நேரம் 51 நிமிடம். "பாருங்கண்ணா, போட்டிருக்குதுங்க. ஏறி உக்காந்தா எறங்கிடலாம்." பணம் கைமாறியது அந்த நொடியில்தான்.

அந்த 51 நிமிடம் எந்த விமானத்தின் நேரமும் இல்லை. இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்கோடு போட்டு, 278-ஐ மணிக்கு 800 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 21 நிமிடம். ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் 51. கணக்கு சரி, விமானம்தான் இல்லை! விமான நிறுவனத்தின் தளத்தில் தேடினால் நேர் விமானம் எதுவும் வரவில்லை. கையில் வந்தது சென்னை வழி: கோவை–சென்னை சுமார் 400 கி.மீ., அங்கிருந்து தெற்கே தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்குச் சுமார் 530. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. சாலை வழியே கோவையிலிருந்து தூத்துக்குடி 350 கி.மீ. சொச்சம்தான்.

இன்னொரு அநியாயம், இரண்டு விமானங்களுக்கும் தனித்தனி பிஎன்ஆர் (முன்பதிவு எண்). இடைவெளி 1 மணி 10 நிமிடம். ஒரே பிஎன்ஆர் என்றால் பெட்டி தானாக மாறும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது ஏர்லைன்ஸ் பொறுப்பு. தனித்தனி என்றால் பெட்டியை பெல்ட்டில் எடுத்து, வெளியே வந்து, மறுபடி செக்-இன் போட வேண்டும். செக்-இன் கவுன்ட்டரோ புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும். ஆக, பெட்டி எடுக்க மிஞ்சியது பத்து நிமிடம். முதல் விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியிருந்தாலும் இது நடக்காது. டிக்கெட் போட்டவருக்கு இது தெரியாதா?

ரூ.14,700-ஐக் கேட்டால் கவுன்ட்டரில் "ஏர்லைன்ஸைக் கேளுங்க". ஏர்லைன்ஸில் "நீங்க நோ-ஷோ, அதாவது ரெண்டாவது விமானத்துக்கு நேரத்துக்கு வரலை, ஏஜென்ட்டைப் பாருங்க". திரும்பப் போனால் "ஓனர் குன்னூர் போயிருக்காருங்க". அப்புறம் போனையே எடுப்பதில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை: தூரம் காட்டும் பக்கத்தை நம்பாதீர்கள், விமான எண்ணையும் புறப்படும் நேரத்தையும் கேளுங்கள், எண் இரண்டு வந்தால் பிஎன்ஆர் ஒன்றா என்று பாருங்கள். ஊட்டியிலிருந்து கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. சீசனில் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோ-ஷோ ஆனாலும் விமான நிலையக் கட்டணமும் வரியும் திரும்பக் கிடைக்கும், எழுத்தில் கேளுங்கள். ஏஜென்ட் போட்ட டிக்கெட்டுக்கும் ரீஃபண்ட் பொறுப்பு ஏர்லைன்ஸுடையதுதான், இது விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதி. இழுத்தடித்தால் 1915, நுகர்வோர் உதவி எண்.