லேக்வுட் திட்டம்: காவலை விலைக்கு வாங்கும் நகரங்களுக்கு ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியான லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 88 நகரங்கள் இருக்கின்றன. அவற்றில் 42 நகரங்கள் ரோந்துப் பணியைக் கவுண்டியின் காவல் துறையான ஷெரிப் துறையிடம் ஒப்பந்தம் போட்டு வாங்குகின்றன. 1954-இல் லேக்வுட் நகரம் தொடங்கிவைத்ததால் இந்த ஏற்பாட்டுக்கு லேக்வுட் திட்டம் என்று பெயர் நிலைத்துவிட்டது. எழுபது ஆண்டுகளாக ஓடும் இந்தச் சேவையை, பணம் கொடுத்து வாங்கும் நகர்மன்றத்தின் பக்கம் நின்று இங்கே எடைபோடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: எண்ணிப் பார்த்து வாங்கத் தெரிந்த நகரத்துக்கு இது நல்ல சேவை. பில்லின் கடைசி வரியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் நகரத்துக்கு இது வேண்டாம்.

பின்னணி சுருக்கமாக. போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் 17,500 வீடுகள் மளமளவென்று எழுந்த குடியிருப்பு லேக்வுட். பக்கத்தில் இருந்த லாங் பீச் நகரம் அதைத் துண்டு துண்டாகத் தன்னோடு இணைத்துக்கொண்டிருந்தது. தனி நகரமானால் இணைப்பிலிருந்து தப்பலாம்; ஆனால் காவல் நிலையம், தீயணைப்பு, சாலைப் பராமரிப்பு, கட்டட அனுமதி எல்லாவற்றையும் ஒரே நாளில் உருவாக்கப் பணம் இல்லை. வழக்கறிஞர் ஜான் டாட் உள்ளிட்டோர் கண்ட வழி, நகரம் என்ற சட்டத் தகுதியை எடுத்துக்கொண்டு வேலைகளைக் கவுண்டியிடமே தொடர்ந்து வாங்குவது. அடுத்த ஆண்டே, 1955-இல், பிராட்லி–பர்ன்ஸ் சட்டம் வந்தது. விற்பனை விலையில் 1 சதவீதம் உள்ளாட்சிக்கு வரியாகக் கிடைக்க வழி பிறந்ததும் புதிய நகரங்கள் வரிசையாக முளைத்தன. 1957-இல் ஒப்பந்த நகரங்கள் தங்களுக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டன. கவுண்டி ஒன்று, வாங்குபவர்கள் பலர் என்ற நிலையில், பேரம் பேசச் சங்கம் இல்லாமல் முடியாது.

இனி சரக்கைப் பார்ப்போம். நகரம் வாங்குவது இத்தனை போலீஸ்காரர்கள் என்ற தலைக்கணக்கை அல்ல, யூனிட்டுகளை. 40 மணி நேர யூனிட் என்பது ஓர் அதிகாரியின் ஒரு வார வேலை. 56 மணி நேர யூனிட் என்பது வாரத்தின் ஏழு நாளும் தினம் 8 மணி நேரம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஆகவே ஒரே ஒரு ரோந்து வண்டி இரவும் பகலும் ஓட வேண்டுமானால் 56 மணி நேர யூனிட் மூன்று தேவை. இந்தக் கணக்கைக் கூட்டத்தில் யாராவது உரக்கச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். "மூன்று யூனிட் வாங்கினோமே, ஒரு வண்டிதானே கண்ணில் படுகிறது" என்ற புகார் எந்த ஒப்பந்த நகரத்திலும் எழக்கூடியது. பெரும்பாலும் அதில் ஏமாற்று எதுவும் இல்லை, வகுத்தல் கணக்குதான் இருக்கிறது.

இதைவிட முக்கியமான விஷயம் மாற்று ஆள். மாற்று ஆள் உள்ள யூனிட், இல்லாத யூனிட் என்று இரண்டு வகை உண்டு. முதல் வகையில் அதிகாரி விடுப்பில் போனாலும், பயிற்சிக்குப் போனாலும், அந்த இடத்தில் இன்னொருவர் வருவார். இரண்டாம் வகையில் வரமாட்டார், விலை குறைவு. காகிதத்தில் ஆண்டுக்கு 40 × 52 = 2,080 மணி நேரம் என்று தெரியும். விடுப்பும் பயிற்சியும் போன பிறகு நகரத்துக்குக் கிடைப்பது அதைவிடக் கணிசமாகக் குறைவு. போக்குவரத்து, பள்ளி, குடியிருப்புப் பிரச்சினைகள் போன்ற சிறப்புப் பணிகளுக்கு மாற்று ஆள் இல்லாத யூனிட் போதும், ஒரு வாரம் இல்லாவிட்டாலும் வேலை காத்திருக்கும். அடிப்படை ரோந்துக்கு அதை வாங்குவது தவறான சிக்கனம். கோடை விடுமுறையில் எல்லோரும் ஒரே சமயத்தில் விடுப்பு எடுக்கும்போதுதான் அதன் விலை புரியும்.

யூனிட்டுகளை மூன்று ஷிப்டுக்கும் சமமாகப் பங்கிடுவதும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலையே. முதலில் கடந்த 12 மாத அழைப்புப் பதிவுகளை வாங்க வேண்டும். அவற்றை வாரநாள் வாரியாகவும் மணி வாரியாகவும் பிரிக்க வேண்டும். ஷெரிப் துறை அழைப்புகளை அவசரம், முன்னுரிமை, வழக்கமானவை என்று மூன்றாகப் பிரிக்கிறது. சராசரிப் பதில் நேரத்தை மூன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மூன்றையும் கலந்த சராசரி எதையும் சொல்லாது. சராசரியோடு நிறுத்தாமல், பத்தில் ஒன்பது அழைப்புகளுக்கு எத்தனை நிமிடத்துக்குள் வந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். மாலை 4 மணியிலிருந்து நள்ளிரவு வரை அழைப்புகள் குவிகின்றன என்று பதிவு காட்டினால், அதிகாலை யூனிட் ஒன்றை மாலைக்கு நகர்த்துவதே புதிதாக ஒன்று வாங்குவதை விட மேல்.

எல்லை தாண்டும் நிமிடங்கள் அடுத்த சிக்கல். ஒரே காவல் நிலையம் பக்கத்துப் பக்கத்து நகரங்கள் பலவற்றுக்குச் சேவை செய்கிறது. அவசர அழைப்பு வந்தால் அருகில் இருக்கும் வண்டி போகும், எந்த நகரத்தின் காசு என்று பார்க்காது. போகத்தான் வேண்டும். நகரங்களுக்கு இடையிலான கூட்டுறவின் உண்மையான பலனே அதுதான்: சிறு ஊர் ஒன்று தனியாகப் பத்து வண்டி வைத்திருக்க முடியாது, ஆனால் தேவைப்படும் இரவில் பத்து வண்டி வந்து நிற்கும். ஆனால் கொடுத்த நிமிடமும் பெற்ற நிமிடமும் மாதாமாதம் எழுதப்பட வேண்டும். ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும், அது இயல்பு. ஆறு மாதமாக ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், பக்கத்து நகரம் தன் தேவைக்குக் குறைவாக வாங்குகிறது என்று பொருள். அதை நிலையத் தலைவரிடம் முறையிடுவதோடு விடாமல், அந்த நகர்மன்றத்தோடு நேராகப் பேச வேண்டும்.

விலை எப்படிப் போடுகிறார்கள்? கலிபோர்னியா மாநிலத்தின் 1973 கொன்சால்வஸ் சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. சேவைக்கு ஆகும் செலவைக் கவுண்டி முழுதாக வசூலிக்கலாம். ஆனால் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் இருந்திருக்கக்கூடிய பொது நிர்வாகச் செலவையும், கவுண்டி முழுவதற்கும் பொதுவாகக் கிடைக்கும் சேவைகளின் செலவையும் ஒப்பந்த நகரங்களின் தலையில் கட்டக் கூடாது. சொந்தக் காவல் துறை வைத்திருக்கும் நகரங்கள் இதை மறைமுக மானியம் என்கின்றன. அவர்கள் வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனாலும் கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. கவுண்டி வரியை ஒப்பந்த நகரத்தின் குடிமக்களும் கட்டுகிறார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் கேட்பது முறையாகாது.

யூனிட் விலைக்கு மேல் ஒரு சதவீதக் கூடுதல் கட்டணமும் உண்டு. வழக்குகளில் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்காக ஒப்பந்த நகரங்கள் சேர்ந்து கட்டும் பொறுப்பு நிதி அது. உங்கள் ஊரில் ஒரு வழக்கு கூட இல்லாவிட்டாலும், வேறோர் ஒப்பந்த நகரத்தில் பெரிய தீர்ப்பு வந்தால் இந்தச் சதவீதம் ஏறும். பட்ஜெட் போடும்போது சம்பள உயர்வை மட்டும் கணக்கில் எடுத்து இதை மறந்துவிடக் கூடாது. இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுவதே நல்லது.

சேவையின் மிகப் பெரிய குறை விலையில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது. ஷெரிப் கவுண்டி வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பவர். நகர்மன்றம் அவருக்கு உத்தரவு போட முடியாது. 2022-இல் வாக்காளர்கள் ஷெரிப்பைப் பதவி நீக்கும் அதிகாரத்தைக் கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழுவுக்குக் கொடுத்தார்கள், ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டும் என்ற நிபந்தனையோடு. நகரங்களுக்கு அதில் பங்கு இல்லை. ஆகவே ஒப்பந்தத்தில் நகரத்தின் கையில் மிஞ்சுவது எத்தனை யூனிட், எந்த நேரம், எந்த முன்னுரிமை என்பதும், நிலையத் தலைவரோடு உள்ள உறவும்தான். இதை நடத்த நகரத்துக்குள்ளேயே ஓர் ஆள் வேண்டும்: பதிவுகளைப் படிக்கவும், நிமிடங்களைக் கூட்டிப் பார்க்கவும், மாதாந்தரக் கூட்டத்தில் கேள்வி கேட்கவும் தெரிந்த முழுநேர அலுவலர். அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் நகரம் அதைப் போல் பல மடங்கைப் பில்லில் இழக்கும்.

இந்த ஏற்பாட்டின் இன்னொரு வடிவம் பலோஸ் வெர்டிஸ் தீபகற்பத்தில் இருக்கிறது. ராஞ்சோ பலோஸ் வெர்டிஸ், ரோலிங் ஹில்ஸ், ரோலிங் ஹில்ஸ் எஸ்டேட்ஸ் என்ற மூன்று அண்டை நகரங்கள் ரோந்தைச் சேர்ந்து வாங்கிச் செலவைப் பகிர்கின்றன. சிறிய நகரங்களுக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதையே. ஆனால் பங்கீட்டுச் சூத்திரத்தை எழுதும்போதுதான் நட்பு முறியும்.

கற்பனையாக மூன்று நகரங்களை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை 60,000, 30,000, 10,000. ஆண்டு அழைப்புகள் 9,000, 9,000, 2,000. மக்கள்தொகைப்படி பங்கிட்டால் 60, 30, 10 சதவீதம். அழைப்புகளின்படி பங்கிட்டால் 45, 45, 10. இரண்டாவது நகரத்தில் பெரிய வணிக வளாகம் இருக்கலாம். விற்பனை வரி அதற்கு, ரோந்துச் செலவில் பெரும்பங்கு முதல் நகரத்துக்கு என்றால் அது நீடிக்காது. அதற்காக முழுக்க அழைப்புகளை வைத்தே பங்கிட்டால் வேறு கேடு வரும்: அழைப்பு எண்ணிக்கையைக் குறைக்க, சின்னத் திருட்டுக்கெல்லாம் போலீசைக் கூப்பிடாதீர்கள் என்று கடைக்காரர்களுக்கு ஜாடையாகச் சொல்லத் தொடங்குவார்கள். இரண்டையும் பாதிப் பாதி எடுத்தால் 52.5, 37.5, 10. அழைப்புகளுக்கு மூன்றாண்டுச் சராசரியை எடுப்பதும், எந்த நகரத்தின் பங்கும் ஓராண்டில் 2 சதவீதப் புள்ளிக்கு மேல் மாறக் கூடாது என்று எழுதுவதும் சண்டையைக் குறைக்கும். சூத்திரத்தை மறுபரிசீலனை செய்யும் ஆண்டையும் ஒப்பந்தத்திலேயே குறித்துவிட வேண்டும். இல்லையேல் நஷ்டப்படும் நகரம் மட்டும் அதைக் கேட்கும், மற்ற இரண்டும் மறுக்கும்.

எல்லாவற்றுக்கும் ஒப்பந்தம் பொருந்தாது. அரசியல் அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் குழுவினர் 1970-களில் அமெரிக்க நகரங்களில் செய்த காவல் ஆய்வுகள், ரோந்தில் சிறிய துறைகள் பெரிய துறைகளுக்குச் சளைத்தவை அல்ல என்றும், தடய ஆய்வகம் போன்றவற்றைப் பெரிய அமைப்பு நடத்துவதே லாபம் என்றும் காட்டின. எதைச் சேர்ந்து வாங்கலாம், எதைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நகரம் யோசிக்கும்போது இந்தப் பிரிவினைதான் சரியான தொடக்கம். கழிவுநீர்க் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் வேறு ரகம். அவை ஐம்பது ஆண்டு நிற்பவை. ஐந்தாண்டு ஒப்பந்தம் அவற்றுக்குத் தாங்காது. அதே கவுண்டியில் கழிவுநீரைக் கவனிப்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த 24 சுகாதார மாவட்டங்கள் என்ற தனி உள்ளாட்சி அமைப்புகள். 78 நகரங்களுக்குச் சேவை செய்யும் அவை ஒரே நிர்வாகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. நகரங்களின் மேயர்கள் அவற்றின் குழுக்களில் அமர்கிறார்கள். பணத்தோடு வாக்கும் இருக்கிறது, அதனால் அந்த ஏற்பாடு உறுதியாக நிற்கிறது.

தீயணைப்பு இரண்டுக்கும் நடுவில். பல நகரங்களில் சொத்து வரியின் ஒரு பங்கு நேராகக் கவுண்டித் தீயணைப்பு மாவட்டத்துக்குப் போய்விடும். சில நகரங்கள் ஆண்டுக் கட்டணம் கட்டுகின்றன. முதல் முறையில் தலைவலி இல்லை, ஆனால் பில்லே கண்ணில் படாததால் கேள்வியும் எழுவதில்லை. கட்டணம் கட்டும் நகரம்தான் ஆண்டுதோறும் கணக்குக் கேட்கிறது.

லேக்வுட் திட்டம் தீர்க்காத ஒன்று வரி ஏற்றத்தாழ்வு. தனி நகரமாவது மலிவானதும், தொழிற்சாலைகளைத் தன் எல்லைக்குள் வளைத்துக்கொண்டு குடியிருப்புகளை வெளியே விட்ட நகரங்களும் உருவாயின. 1957-இல் உருவான இண்டஸ்ட்ரி நகரத்தின் பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லும். 1963-இல் புதிய நகரங்களைச் சீர்தூக்க ஒரு குழு அமைக்கும் சட்டம் வரும்வரை கடிவாளம் இல்லை. இதற்கு மருந்து மினசோட்டாவில் உண்டு: மினியாபொலிஸ்–செயின்ட் பால் பகுதியின் ஏழு கவுண்டிகளில், வணிக, தொழில் சொத்து வரி அடிப்படை 1971-க்குப் பிறகு வளர்ந்த அளவில் 40 சதவீதம் பொதுத் தொகுப்பில் சேர்ந்து, வரி வளம் குறைந்த ஊர்களுக்குக் கூடுதலாகப் பிரிகிறது. ஒப்பந்தச் சேவையோடு இதையும் சேர்த்தால்தான் ஏழை நகரத்தாலும் போதிய யூனிட் வாங்க முடியும்.

நகரங்களை இணைத்துவிடுவதே நேர்வழி என்பவர்களுக்கு இரண்டு தகவல்கள் போதும். 1998-இல் டொராண்டோவில் ஆறு உள்ளாட்சிகள் ஒன்றாக்கப்பட்டபோது, ஒரே வேலைக்கு இருந்த வெவ்வேறு சம்பளங்கள் உயர்ந்த பக்கமே சமமாயின. மான்ட்ரியால் தீவில் 2002-இல் 28 உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டன. 2006-இல் 15 பிரிந்து போயின.

கடைசியாக, சொந்தத் துறையைக் கலைத்துவிட்டு இந்தச் சேவைக்கு மாற நினைக்கும் நகரம் வாக்கெடுப்புக்கு முன் முடிக்க வேண்டிய வேலை. பழைய அதிகாரிகளின் ஓய்வூதியக் கடன் துறையோடு கலைவதில்லை, நகரத்தின் பெயரிலேயே நிற்கும். புதிய பில்லும் பழைய கடனும் சில ஆண்டுகள் சேர்ந்தே வரும். எனவே ஓய்வூதிய நிதியத்திடம் கலைப்புக்குப் பிந்தைய ஆண்டுத் தவணைகளை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அந்தத் தொகையை யூனிட் விலையோடு கூட்டி ஒப்பிட வேண்டும். ரேடியோ, வண்டிகள், சான்றுப்பொருள் அறை ஆகியவற்றை உடனே விற்க வேண்டாம். திரும்பி வர நினைத்தால் ஆள் சேர்த்துப் பயிற்சி கொடுத்து முடிக்கவே ஓராண்டுக்கு மேல் ஆகும்; ஆகவே விலகல் அறிவிப்புக் காலமும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். அழைப்புப் பதிவுகள் நகரத்துக்குச் சொந்தம், விலகும்போது அவற்றைப் பயன்படுத்தக்கூடிய வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்ற ஷரத்து முதல் வரைவிலேயே இருக்கட்டும்.