ஆலப்புழை பகல்நேரப் படகு: ஐந்து மணி நேரத்துக்குப் பணம், இரண்டு மணி நேரப் பயணம்

ஆலப்புழையில் கெட்டுவள்ளம் (வீட்டுப் படகு) எடுத்துப் பகல்நேரச் சவாரி போக நினைப்பவர்கள், அதிலும் ரயில் நிலையத்தில் இறங்கிய பிறகு படகு பேசிக்கொள்ளலாம் என்று கிளம்புபவர்கள், யாருக்கும் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

நாங்கள் எடுத்த சவாரிக்குப் பேசியது இது: காலை 11 முதல் மாலை 4 வரை ஐந்து மணி நேரம், முழுநேர ஏசி, மீன் பொரியலோடு மதியச் சாப்பாடு, குட்டநாட்டின் சின்னச் சின்ன வாய்க்கால்கள், குமரகம், பாதிராமணல் தீவு. கிடைத்தது இது: கட்டு அவிழ்த்ததே 11.40-க்கு. 12.45-க்குச் சாப்பாட்டுக்காக ஒரு தென்னந்தோப்புக் கரையில் கட்டினார்கள், 2.15 வரை எடுக்கவில்லை. பத்து நிமிடம் ஓட்டி ஒரு மீன் கடையில் நிறுத்தி, அங்கே முக்கால் மணி நேரம். 3.50-க்கு மறுபடி புன்னமடைத் துறை. எஞ்சின் ஓடிய நேரத்தைக் கூட்டினால் முழுதாக இரண்டு மணி நேரம்கூட வரவில்லை. குமரகம் பக்கமே படகு திரும்பவில்லை. வாய்க்கால் ஒன்றுக்குள்ளும் நுழையவில்லை. ஏசி சாப்பிடும்போது மட்டும் ஓடியது. வாட்ஸாப்பில் வந்த படத்தில் இருந்த படகும் அல்ல. "அது சர்வீஸுக்குப் போயிருக்கு, இது அதைவிட நல்லது" என்று வேறொன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முன்பணம் ஏற்கெனவே போய்விட்டதால் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது.

அந்தப் படகின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே முறை பல படகுத் துறைகளில் பலரிடம் நடக்கிறது. முறையைப் புரிந்துகொண்டால்தான் தப்பிக்க முடியும்.

முதலில் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். பல படகுகளை உரிமையாளரே ஓட்டுவதில்லை. குத்தகைக்கு எடுத்தவர் ஓட்டுகிறார். ஆட்களைப் பிடித்துக் கொடுப்பது தரகர். ரயில் நிலைய வாசலிலும், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் போட் ஜெட்டி ரோட்டிலும் பைக்கில் கூடவே வந்து பேசுபவர்கள் இவர்கள்தான். சில ஆட்டோக்காரர்களும் இதைச் செய்கிறார்கள். நீங்கள் தரும் தொகையில் தரகர் பங்கு முதலில் கழிந்துவிடும். அடுத்தது குத்தகை, அதையும் குறைக்க முடியாது. மிச்சத்தில் குறைக்கக்கூடியவை இரண்டே இரண்டு: டீசல், சாப்பாடு. நீங்கள் பேரம் பேசி விலையை இறக்க இறக்க, படகு கரையில் கட்டிக் கிடக்கும் நேரம் கூடும். தட்டில் மீன் சிறுக்கும். ஏசிக்கும் ஜெனரேட்டரில் டீசல்தான் எரிகிறது என்பதால் அதுவும் இதே கணக்கில் அடங்கும். ஓட்டுபவரும் சமையல்காரரும் இதில் எதையும் தீர்மானிப்பதில்லை. அவர்களிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அது நியாயமும் இல்லை.

ஆகவே விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: "எஞ்சின் ஓடுவது எத்தனை மணி நேரம்?" வாடகை நேரம் வேறு, ஓடும் நேரம் வேறு. ஐந்து மணி நேரப் பகல் சவாரியில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் நிறுத்துவது வழக்கம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மீதி நான்கு மணி நேரத்தில் மூன்றரையாவது ஓட வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு நேர்ப் பதில் சொல்லாமல், "அதெல்லாம் நல்லா சுத்திக் காட்டுவாங்க அண்ணா" என்று நழுவுபவரை அங்கேயே விட்டுவிடலாம்.

அடுத்த ஏமாற்று பாதையில் நடப்பது. கெட்டுவள்ளம் முன்பு குட்டநாட்டின் நெல்லையும் அரிசியையும் கொச்சிக்கு ஏற்றிச்சென்ற சரக்குப் படகு. ஆஞ்ஞிலி மரப் பலகைகளை (குமரி மாவட்டத்தில் அயினி என்போமே, அதே மரம்) ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்து, முந்திரித் தோட்டு எண்ணெய் பூசிக் கட்டுவார்கள். அதன் மேல் மூங்கிலும் பாயும் வைத்துக் கூரை கட்டி, படுக்கையறைகள் போட்டதுதான் இன்றைய வீட்டுப் படகு. அறுபது, எழுபது அடிக்கு மேல் நீளம் உள்ள இந்தப் படகு, வீட்டு வாசலில் பெண்கள் பாத்திரம் கழுவும் அந்தக் குறுகலான வாய்க்காலுக்குள் நுழையவே முடியாது. புகைப்படத்தில் வாய்க்காலைக் காட்டிக் கெட்டுவள்ளத்தை விற்றால் அது பொய். கெட்டுவள்ளம் காட்டக்கூடியது அகலமான ஆறும் காயலும்: புன்னமடை, வேம்பநாட்டுக் காயலின் தென்பகுதி, ஆர் பிளாக், மார்த்தாண்டம், சித்திரா போன்ற காயல் வயல்களின் வெளிவரப்புகள். கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைவதை வரப்புக்கு மேலிருந்து பார்ப்பதும் அருமையான காட்சிதான். அதைத்தான் பார்க்கப்போகிறோம் என்று தெரிந்து ஏற வேண்டும்.

ஊருக்குள் போய்ப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஷிகாராவோ துடுப்புப் போடும் சிறு வள்ளமோதான் சரி. ஷிகாரா என்பது கூரை போட்ட சிறிய மோட்டார் படகு. நடுத்தர வாய்க்கால்கள் வரை போகும். கைனகரி பக்கத்து ஒடுங்கிய வாய்க்கால்களுக்குச் சிறு வள்ளம்தான். இவற்றில் விலை படகுக்கு, மணிக் கணக்கில். ஏறும்போது படகுக்கு என்று சொல்லி இறங்கும்போது ஆளுக்கு என்று மாற்றுவது இங்கே நடக்கும் வேலை. "மொத்தப் படகுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு" என்று எல்லோர் முன்னாலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரம் எடுத்தால் புன்னமடையில் வரிசையாக நிற்கும் வீட்டுப் படகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து எடுப்பதில் அர்த்தமில்லை.

குமரகம், பாதிராமணல் இரண்டையும் நான்கைந்து மணி நேரக் கெட்டுவள்ளச் சவாரியில் சேர்த்துச் சொல்பவரை நம்பவே நம்பாதீர்கள். பாதிராமணல் முகம்மைக்கும் குமரகத்துக்கும் நடுவில் காயலில் இருக்கிறது. கெட்டுவள்ளம் போகும் மெதுவான வேகத்துக்குப் புன்னமடையிலிருந்து போய்வரவே அந்த நேரம் சரியாகிவிடும். அந்தத் தீவைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் முகம்மைக்குப் போய் அங்கிருந்து படகு எடுங்கள்.

தரகர் தவறாமல் சொல்லும் இன்னொரு வரி, "கவர்ன்மென்ட் கவுண்டர் இன்னைக்கு லீவு அண்ணா." ஒரு நடை நடந்து உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாவட்டச் சுற்றுலா மேம்பாட்டுக் குழுவின் முன்பணக் கவுண்டர் புன்னமடையில், நேரு கோப்பைப் படகுப் போட்டி முடியும் இடமான ஃபினிஷிங் பாயிண்டில் இருக்கிறது. அங்கே சீட்டு வாங்காவிட்டாலும், விலைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டால் அடுத்தவரிடம் பேசத் தைரியம் வரும். "டீலக்ஸ்", "பிரீமியம்", "லக்சுரி" எல்லாம் விற்பவர் தானே வைத்துக்கொள்ளும் பெயர்கள். கேரளச் சுற்றுலாத் துறை வீட்டுப் படகுகளுக்குத் தரும் தரச் சான்று கோல்ட் ஸ்டார், சில்வர் ஸ்டார் போன்ற பெயர்களில் இருக்கும். சுற்றுச்சூழல் ஏற்பாடுகளுக்குக் கிரீன் பாம் என்று தனிச் சான்று உண்டு. சான்று இருப்பதாகச் சொன்னால் காட்டச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் நடப்பது. ஒப்புக்கொண்ட மதியச் சாப்பாட்டில் சோறு, சாம்பார், தோரன், அப்பளத்தோடு உள்ளங்கையில் பாதி அளவு கரிமீன் வரும். சாப்பாட்டுக்கு முன்போ பின்போ "ஃப்ரெஷ் மீன் வேணுமா" என்று கரையோரக் கடையில் நிறுத்துவார்கள். பனிக்கட்டியில் பெரிய ஆற்று இறால் அடுக்கியிருக்கும். கிலோ விலை நகரச் சந்தையைவிடப் பல மடங்கு. வாங்கினால் சமைப்பதற்கு மசாலாக் கூலி என்று தனியாக ஒரு தொகை. வேண்டாம் என்றால் படகில் முகம் மாறும். பரவாயில்லை, அமைதியாக மறுத்துவிடுங்கள். அந்த நிறுத்தம் உங்கள் ஓடும் நேரத்திலிருந்துதான் கழிகிறது. கள்ளுக்கடை நிறுத்தத்துக்கும் இதே கதைதான். ஏறும்போதே "கடை எதிலும் நிறுத்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

இரவு தங்கும் சவாரி எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும். மதியம் 12 முதல் மறுநாள் காலை 9 வரை என்றால் இருபத்தொரு மணி நேரமும் படகு ஓடாது. மாலை ஐந்தரை வாக்கில் கட்டிவிடுவார்கள். இரவில் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் அது, காலையில்தான் மறுபடி எடுப்பார்கள். இதில் ஏமாற்று இல்லை, முறையே அதுதான். ஆனால் சாதாரண வகைப் படகில் ஏசி பெரும்பாலும் இரவு 9 முதல் காலை 6 வரைதான் என்பதைச் சொல்லாமல் மறைப்பது ஏமாற்று.

இனிப் பணத்தைவிடப் பெரிய விஷயம். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு இருட்டிய பிறகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் அரசுச் சுற்றுலாக் கழகத்தின் படகே கவிழ்ந்து 45 பேர் போனார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். மாடி வைத்த படகில் மேலே எல்லோரும் ஒரே கைப்பிடிப் பக்கம் கூடி செல்ஃபி எடுப்பது எவ்வளவு ஆபத்து என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பிள்ளைகளிடம் இதை ஏறும் முன்பே சொல்லிவையுங்கள்.

ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படகைச் சுற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் பதிவு எண் எழுதியிருக்க வேண்டும். அதைப் படம் எடுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்ற அளவும் படகில் எழுதியிருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கிகளை எண்ணுங்கள், சிறுவர் அளவு இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். பெஞ்சுக்கு அடியில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தால் அவிழ்த்து வெளியே வைக்கச் சொல்லுங்கள். சமையலறை பின்பக்கம் இருக்கும். எரிவாயுக் குழாய் விரிசல் விட்டுக் காய்ந்து கிடந்தாலும், தீயணைப்புக் கருவி இல்லாவிட்டாலும் வேறு படகு கேளுங்கள். கூரை முழுக்க மூங்கிலும் பாயும் என்பதால் தீ பிடித்தால் நிமிடங்கள்தான். கட்டி நிற்கும்போதே அடித்தட்டிலிருந்து பம்பு ஓயாமல் தண்ணீரை வெளியே கொட்டிக்கொண்டிருந்தால் பலகைத் தையல் விட்டிருக்கிறது என்று அர்த்தம், ஏறாதீர்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று திறந்தும் பார்த்துவிடுங்கள். முதியவர்கள் கூட வந்தால் இதுதான் பெரிய அவதியாகிவிடும்.

காலநிலை பற்றித் தரகர் வாயே திறக்கமாட்டார். உப்புநீர் வயலுக்குள் ஏறாமலிருக்க, தண்ணீர்முக்கம் தடுப்பணையின் மதகுகளை டிசம்பர் நடுவில் அடைத்தால் கோடைவரை திறப்பதில்லை. அந்த மாதங்களில் தென்பக்கத்துத் தண்ணீருக்கு ஓட்டம் இல்லை. ஆகாயத்தாமரை அடர்ந்து படகைத் தள்ளும் எஞ்சின் விசிறியில் சிக்கும், சில இடங்களில் நாற்றமும் இருக்கும். சுற்றுலாக் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருப்பது அதே மாதங்களில்தான். பாதை அடைத்திருக்கிறது என்று நடுவில் திருப்பினால், அது உண்மையாகவும் இருக்கலாம். அதனால் மாற்றுப் பாதை எது என்பதையும் முதலிலேயே பேசிவையுங்கள்.

பேசி முடித்ததும் தரகரின் எண்ணிலிருந்தோ படகுக்காரரின் எண்ணிலிருந்தோ ஒரு செய்தி வாங்குங்கள். அவர் எழுதத் தயங்கினால் நீங்களே எழுதி "ஓகே" என்று பதில் வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: தேதி, படகின் பெயரும் பதிவு எண்ணும், ஏறும் துறை, கட்டு அவிழ்க்கும் மணி, திரும்பும் மணி, எஞ்சின் ஓடும் நேரம், பாதையில் வரும் ஊர்ப் பெயர்கள், எத்தனை பேர், ஏசி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சாப்பாட்டில் என்னென்ன, மொத்தத் தொகை, வேறு கட்டணம் கிடையாது என்ற வரி. முன்பணம் சிறிதாக இருக்கட்டும். ஏறும்போது பாதி, இறங்கிய பிறகு மீதி. முழுத் தொகையையும் கட்டினால்தான் கயிறு அவிழ்ப்போம் என்றால், பக்கத்திலேயே இன்னும் நூறு படகு நிற்கிறது.

கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு நாங்கள் மனதார பரிந்துரைப்பது மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு. ஆலப்புழை ஜெட்டியிலிருந்து நெடுமுடி, காவாலம், கோட்டயம் என்று ஊர்க்காரர்கள் போய்வரும் சாதாரணச் சர்வீஸ். சில பத்து ரூபாய்ச் சீட்டு. கோட்டயத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், அத்தனை நேரமும் எஞ்சின் ஓடும். பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிக் கூடைகளும் ஏறி இறங்குவதோடு குட்டநாட்டைப் பார்க்கலாம். கூட்ட நேரத்தில் ஊர்க்காரர்களுக்கு இருக்கை விடுங்கள், அவர்களுக்கு அது பஸ்.

ஏமாந்துவிட்டால் அங்கேயே கத்திவிட்டு வீடு திரும்பாதீர்கள். கட்டு அவிழ்த்தபோதும், நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும், துறை திரும்பியபோதும் ஒரு புகைப்படம் எடுத்து வைத்திருந்தால் நேரமும், போனில் லொகேஷன் இயங்கினால் இடமும், அதிலேயே பதிவாகியிருக்கும். அவற்றோடு அந்த வாட்ஸாப் செய்தியும் பணம் அனுப்பிய ரசீதும் போதுமான ஆதாரம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அதில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மதுரைக்காரர் இதற்காக ஆலப்புழைக்கு அலைய வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவே மனுவைப் போடலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பாகத் தரகரை மட்டும் எழுதாமல் படகின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு உரிமையாளரையும் சேருங்கள். தரகர் போன் எண்ணை மாற்றிவிடுவார். படகின் பதிவு எண்ணை அப்படி மாற்ற முடியாது.