பழைய கணினிக்கு எஸ்எஸ்டி போடக் கொடுக்கும் முன்: மண்டபத்திலிருந்து ஓர் எச்சரிக்கை

மண்டபத்தில் 2013 முதல் ஜெராக்ஸ், இணையவழி விண்ணப்பம், திருமணப் பத்திரிகை வடிவமைப்பு ஆகிய வேலைகளைச் செய்யும் சிறிய கடை ஒன்றை நடத்திவருகிறேன். சென்ற ஆண்டு ஆடி மாதம் என் கடைக் கணினிக்கு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தும் வேகமான சேமிப்பகம்) பொருத்துவதற்காக இராமநாதபுரத்தில் உள்ள ஒரு கணினிக் கடையில் அதைக் கொடுத்தேன். ஒன்றைப் போடுவதாகச் சொல்லி வேறொன்றைப் போட்டார்கள். புதியது என்று சொல்லிப் பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்ததைத் தந்தார்கள். என் பழைய ஹார்ட் டிஸ்க்கையும் வாங்கிக்கொண்டு யாருக்கோ விற்றுவிட்டார்கள். பணம் போனதை நான் பொறுத்துக்கொள்வேன். என்னை நம்பிப் பிறர் கொடுத்த ஆவணங்கள் அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

என் கணினி, நான் கடை திறந்தபோது வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ3 செயலி, எச்61 சிப்செட் (பாகங்களை ஒருங்கிணைக்கும் சில்லு) கொண்ட மதர்போர்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். காலையில் பொத்தானை அழுத்திவிட்டு வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து முடித்த பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நிவாரண வேலைக்காகக் கூட்டம் வரும்போது, ஒரு விண்ணப்பத்தைத் திறந்து மூடுவதற்குள் வரிசையில் நிற்பவர்கள் முகம் வாடிவிடும். எஸ்எஸ்டி போட்டால் வேகம் கூடும் என்று பலரும் சொன்னார்கள். அந்த யோசனை சரியானதே, இன்றும் அதையே சொல்வேன். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு ஒருமுறை சுற்றி வரவே ஏறத்தாழ 8 மில்லிவினாடி ஆகிறது. அதற்கு மேல் முள் இடம் மாறும் நேரம் வேறு. எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் சிறு சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் அந்தக் காத்திருப்பு இல்லாமற்போகிறது.

கடையில் இருந்தவர் என்னிடம், "அண்ணே, சாட்டா எல்லாம் பழசு. என்விஎம்இ போடுவோம், வினாடிக்கு 3500 எம்பி ஓடும்" என்றார். சாட்டா என்பது டிஸ்க்கைக் கேபிள் வழியாக மதர்போர்டில் இணைக்கும் பழைய முறை, என்விஎம்இ அதைவிட வேகமான புதிய முறை. எம்.2 வகை என்விஎம்இ எஸ்எஸ்டியும், அதை மதர்போர்டின் பிசிஐஇ துளையில் செருகுவதற்கான அட்டையும், வேலைக்கூலியும் சேர்த்து 5,200 ரூபாய் கேட்டார். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தால் 400 ரூபாய் குறைப்பதாகவும், அதில் உள்ள எல்லாவற்றையும் புதியதில் அப்படியே நகலெடுத்துத் தருவதாகவும் சொன்னார். நான் ஒப்புக்கொண்டு 4,800 ரூபாயை யுபிஐ வழியாகச் செலுத்தினேன். சிபியு பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, மறுநாள் மாலை போய்ப் பேருந்தில் எடுத்து வந்தேன். பெட்டியின் திருகின் மேல் ஒரு சிறு தாள் ஒட்டியிருந்தார்கள். அதைக் கிழித்தால் உத்தரவாதம் கிடையாது என்றார்கள். ரசீதாகக் கிடைத்தது 'எஸ்டிமேட்' என்று அச்சிட்ட துண்டுச்சீட்டு. அதில் நிறுவனத்தின் பெயரும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை, 'எஸ்எஸ்டி 500' என்று மட்டும் எழுதியிருந்தது.

கணினி ஒரு நிமிடத்துக்குள் திறந்துகொண்டது. இரண்டு மாதம் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன். வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கடையைப் பரிந்துரைத்தேன் என்பதை இப்போது வருத்தத்துடன் எழுதுகிறேன்.

புரட்டாசிக் கடைசி வாரத்தில் ஒரு திருமணப் பத்திரிகையைத் திறந்தபோது படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக வந்தது. மறுநாள் வேறு சில கோப்புகள் திறக்க மறுத்தன. அதற்கடுத்த நாள் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கணினி உறைந்து நின்று, மறுபடி திறக்கையில் டிஸ்க் இல்லை என்றது. இராமநாதபுரத்துக் கடைக்குத் தொலைபேசியில் சொன்னதும் அவர் தயங்காமல், "உங்க ஊர்ல உப்புக்காத்து, கரண்டும் வந்து வந்து போகுது. எஸ்எஸ்டி தாங்காதுண்ணே, அதுக்கு வாரண்டி வராது" என்றார். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரு பக்கமும் கடல் இருக்கும் ஊர் எங்களுடையது. ஜன்னல் கம்பி முதல் சைக்கிள் சங்கிலி வரை உப்புக்காற்று தின்பதைப் பார்த்தே வளர்ந்தவன் என்பதால் அந்தப் பதிலை நான் முதலில் நம்பிவிட்டேன். இந்தக் கரையில் இருக்கும் பலரும் இதை நம்பக்கூடும். ஆகவே அடுத்து நடந்ததைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்த என் அண்ணன் மகள் கணினித் துறையில் வேலை பார்ப்பவள். "சித்தப்பா, அந்தத் தாளைக் கிழிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். பிசிஐஇ துளையில் எந்த அட்டையும் இல்லை. டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று ஒற்றைத் திருகில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த வில்லையின் ஓரத்தில் பழைய வில்லையைச் சுரண்டிய பசைத் தடம் தெரிந்தது. அதைத் தன் மடிக்கணினியில் இணைத்து, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினாள். ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னைப் பற்றித் தானே பதிந்து வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்புகளை அது காட்டும். நிலை என்ற இடத்தில் மஞ்சள் நிற எச்சரிக்கை. மின்சாரத்தில் இருந்த மொத்த நேரம் 23,417 மணி.

என் கடை நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் திறந்திருக்கும். இரண்டரை மாதத்துக்கு ஏறத்தாழ 750 மணி நேரம் ஆகும். மீதமுள்ள இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மணி நேரம் அந்த எஸ்எஸ்டி வேறெங்கோ உழைத்திருக்கிறது. உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும், உண்மைதான். ஆனால் ஓடிய நேரத்தைக் கணக்கிடும் எண்ணியை இருபதாயிரம் மணி நேரம் முன்னால் தள்ளிவிடாது. முனை அரித்தோ கேபிள் தளர்ந்தோ தரவு கெட்டால், அது ஸ்மார்ட் குறிப்புகளில் சி7 என்ற வரியில் சிஆர்சி பிழைகளாக, அதாவது தரவு கடத்தும்போது நேரும் பிழைகளாகப் பதியும். அந்த எண்ணிக்கை சுழியம். மாறாக, கெட்டுப்போன பகுதிகளுக்குப் பதிலாக மாற்றுப் பகுதிகளை எடுத்துக்கொண்ட கணக்கைச் சொல்லும் 05 என்ற வரி நிரம்பி வழிந்தது. குற்றம் எங்கள் ஊர்க் காற்றின் மேல் இல்லை.

இன்னொன்றையும் அவள் சுட்டிக்காட்டினாள். விண்டோஸ் காட்டிய அளவு 476 ஜிபி. 500 ஜிபி என்று விற்கப்படும் டிஸ்க் 465 என்றுதான் காட்டும். 476 என்று காட்டுவது 512 ஜிபி டிஸ்க். அலுவலக மடிக்கணினிகளில் வரும் அளவு அது. அதிகமாகத்தானே இருக்கிறது என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். வாக்களித்த அளவும் காட்டும் அளவும் பொருந்தாவிட்டால், அது கூடுதலாக இருந்தாலும் கேள்வி கேட்க வேண்டும்.

என்விஎம்இ ஏன் போடவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. எச்61 போர்டுகளில் கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு என்விஎம்இ டிஸ்க்கிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்கத் தெரியாது. இன்டெல்லின் 9 வரிசைச் சிப்செட்டுகள் 2014 இல் வந்த காலத்திலிருந்துதான் அந்த வசதி மெல்லப் பரவியது. அட்டையில் செருகினால் கூடுதல் டிஸ்க்காக வேண்டுமானால் விண்டோஸில் தெரியும், ஆனால் அதிலிருந்து கணினி திறக்காது. சிறிய பிசிஐஇ துளையில் செருகினால் வேகமும் வினாடிக்கு 500 எம்பிக்கு மேல் போகாது. 3500 என்பது அந்தக் கணினியில் நடக்கவே நடக்காத பேச்சு. கடைக்காரர் முயன்று பார்த்திருப்பார், திறந்திருக்காது. அப்போது என்னைக் கூப்பிட்டு, "இதுக்கு சாட்டாதான் சரிப்படும்" என்று சொல்லியிருந்தால் நான் நன்றியோடு ஏற்றிருப்பேன். அவர் கைக்குக் கிடைத்த பழைய டிஸ்க்கை மாட்டிப் பெட்டியை மூடித் தாள் ஒட்டிவிட்டார்.

சாட்டா எஸ்எஸ்டியே இவ்வகைக் கணினிக்குப் போதுமானது. எச்61 போர்டில் இருப்பது சாட்டா 2. வினாடிக்கு 300 எம்பிக்குள்தான் வேகம் வரும். அந்த வேகத்துக்கே என் கணினி புதிதுபோல் ஓடியது. யாராவது பழைய கணினிக்கு என்விஎம்இ போடுங்கள் என்று வற்புறுத்தினால், உங்கள் மதர்போர்டு எண்ணைச் சொல்லி, அதிலிருந்து கணினி திறக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாலும் போதும். வேலை முடிந்ததும் கடையிலேயே உங்கள் கண் முன்னால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். புதிய டிஸ்க்கில் ஓடிய நேரம் ஒற்றை இலக்கத்திலோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். மென்பொருள் காட்டும் வரிசை எண்ணும், டிஸ்க்கின் மேல் உள்ள எண்ணும், ஜிஎஸ்டி ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஹார்ட் டிஸ்க்தான். அதைத் திருப்பிக் கேட்டபோது, அன்றைக்கே ஃபார்மேட் செய்து யாரோ ஒருவரின் சிசிடிவி டிவிஆரில் போட்டுவிட்டதாக முதலில் சொன்னார். அடுத்த முறை, கல்லூரி மாணவர் ஒருவருக்குக் கொடுத்ததாகச் சொன்னார். எது உண்மை என்றாலும், விரைவு ஃபார்மேட் என்பது கோப்புகளின் பட்டியலை மட்டுமே அழிக்கிறது. உள்ளடக்கம் அப்படியே இருக்கும், மீட்பு மென்பொருள் கொண்டு எடுத்துவிடலாம். அதில் பன்னிரண்டு ஆண்டுகளாக நான் ஸ்கேன் செய்த ஆதார் அட்டைகள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், மீனவர் நல வாரிய அட்டைகள், படகுப் பதிவுச் சான்றுகள், முதியவர்கள் கைநாட்டு வைத்த விண்ணப்பங்கள் எல்லாம் இருந்தன. ஆதார் எண்ணும் விரல்ரேகையும் இருந்தால் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் முறை நடைமுறையில் இருக்கும்போது, இது சிறிய விஷயம் அன்று. வேலை முடிந்ததும் அவற்றை நான் அழித்திருக்க வேண்டும். அழிக்காமல் வைத்திருந்தது என் பிழை. பழைய கோப்புறைப் பெயர்கள் எழுதியிருந்த நோட்டை வைத்துக்கொண்டு, தங்கச்சிமடம், வேதாளை, உச்சிப்புளி வரை உள்ளவர்களை ஒவ்வொருவராக அழைத்து, ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டும் வழியைச் சொல்லிவருகிறேன். பூட்டத் தெரியாதவர்களுக்குக் கடையில் இலவசமாகச் செய்து கொடுக்கிறேன். ஆதார் உதவி எண் 1947.

கடைக்காரருக்கு எதிராகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் புகார் பதிந்தேன். எஸ்டிமேட் சீட்டு மட்டும் இருந்திருந்தால் தடுமாறியிருப்பேன். யுபிஐ செலுத்துகைப் பதிவும், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய விலை விவரமும் கைகொடுத்தன. அதன் பிறகு 2,000 ரூபாய் திருப்பித் தந்தார். மீதிக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக ஆவணங்களைத் திரட்டிவருகிறேன். 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும்.

இராமநாதபுரம் வட்டாரத்தில் சென்ற ஆடி மாதத்துக்குப் பிறகு பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் வாங்கியவர்கள் தயவுசெய்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதன் ஓரத்தில் நீல மார்க்கர் பேனாவால் 'கடை 2013' என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கும். அதைப் பார்த்தால் மண்டபத்தில் என் கடைக்குக் கொண்டுவாருங்கள். அதே அளவில் புதிய டிஸ்க் ஒன்றை மாற்றித் தருகிறேன்.