கால் ஆணிக்கு ‘வேர்’ எடுப்பதாகச் சொன்னால் காலை நீட்டாதீர்கள்: எங்களுக்கு 6,400 ரூபாய் போச்சு

அம்மாவுக்குக் காலில் கட்டு மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆத்திரம் அடங்கவில்லை.

அம்மா 18 வருஷம் புடவைக் கடையில் நின்றே வேலை பார்த்தவர். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியதே 2021-ல்தான். அதற்குள் வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே தோல் காய்த்து நடுவில் ஆணி விழுந்துவிட்டது. சர்க்கரையும் உண்டு.

பக்கத்துத் தெரு மண்டபத்தில் ‘மூலிகைப் பாத சிகிச்சை முகாம்’ என்று நோட்டீஸ் வந்தது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஒரு வேருக்கு 200 ரூபாய். இரண்டு மூன்று வேர் இருக்கும் என்று நினைத்து போன ஞாயிற்றுக்கிழமை நான்தான் கூட்டிப்போனேன்.

முகாம் நடத்திய ஆள் தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “எங்க அம்மாவும் இப்படித்தான் நின்னு நின்னு கஷ்டப்பட்டாங்கம்மா” என்றார். அம்மா முகமே மாறிவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் காலைத் தொட்டு யாரும் விசாரித்ததில்லை, நான் உட்பட. சுகர் இருக்கு என்றேன். “அதனாலதான் அக்கா மூலிகை” என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

எண்ணெய் தடவி, எதையோ வைத்துச் சுரண்டி, சின்னக் குழலை வைத்து வாயால் உறிஞ்சி வெற்றிலையில் துப்பினார். வெள்ளையாக, வெந்த சேமியா மாதிரி ஒரு துண்டு. “ஒண்ணு” என்றார். பத்து தாண்டியதும் போதும் என்றேன். பாதியில் விட்டால் கால் முழுக்கப் பரவும் என்று பயமுறுத்தினார். கடைசியில் 32. கையில் இருந்த 2,000-ஐக் கொடுத்து மீதி 4,400-ஐ போனில் அனுப்பினேன். 6,400 ரூபாய்! ரசீது கிடையாது.

புதன்கிழமை அம்மாவின் செருப்பில் ஈரம். பாதத்தில் புண், சீழ். வலிக்கவே இல்லை என்கிறார். சர்க்கரையில் கால் மரத்துப்போனால் அப்படித்தான். அந்த ஆளுக்குப் போன் செய்தால், “வேர் இருந்த குழி ஆறுது, மஞ்சள் வைங்க” என்றார். மறுபடி அடித்தால் வெளியூரில் இருக்கிறாராம். அப்புறம் சுவிட்ச் ஆஃப். மண்டபத்து மேனேஜர், “வாடகைக்கு விட்டதோட சரி” என்று போய்விட்டார்.

அரசு மருத்துவமனை டாக்டர் சொன்னது: “ஆணிக்கு வேரே கிடையாதும்மா. அழுத்தம் படுற இடத்துல தோல் தடிச்சு, கூம்பு மாதிரி உள்ள இறங்குது.” அப்படியென்றால் அந்த 32-ம் அந்த ஆளின் வாயிலிருந்து வந்தவை. அதற்குத்தான் 6,400.

காய்ப்பு வராமல் பார்த்துக்கொள்வது பற்றி விரிவாக எழுத நினைத்தேன். இப்போது முடியவில்லை. இதை மட்டும் கேளுங்கள். சர்க்கரை இருந்தால் பிளேடு வேண்டாம், ஆணிமேல் ஒட்டுகிற மருந்துப் பிளாஸ்திரியான கார்ன் கேப்பும் வேண்டாம். அதில் உள்ள சாலிசிலிக் ஆசிட் நல்ல தோலையும் அரிக்கும். நேரே டாக்டரிடம் போங்கள். சர்க்கரை இல்லாதவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கால் தேய்க்கிற கல்லால் மெதுவாகத் தேய்த்து, யூரியா கலந்த கிரீம் போடலாம். செருப்பை மாற்றாவிட்டால் திரும்ப வரும். முன்பக்கம் அகலமாக, அடி மெத்தென்று இருக்க வேண்டும். அம்மாவுக்கு எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற மைக்ரோ செல்லுலர் ரப்பரில் செய்தது) எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள்.

அதே நோட்டீஸ் இன்று காலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒட்டியிருக்கிறதாம், பக்கத்து வீட்டு அக்கா பார்த்திருக்கிறார். அதே 200 ரூபாய். போன் நம்பர் மட்டும் வேறு.