புகையிலை விதை பாக்கெட்: விதைக்கு நாலு ஸ்டார், லேபிளுக்கு ஒன்று

ஆன்லைன் விதைக் கடை ஒன்றில் வாங்கிய புகையிலை விதை பற்றி எழுதுகிறேன். கடைப் பெயர் வேண்டாம், திட்டு கொஞ்சம் தூக்கலாக வரும். விலை 80 ரூபாய், கூரியர் தனி. பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைக்குச் சேதமில்லாமல் வந்தது, அதில் குறையில்லை.

எதற்குப் புகையிலை என்று கேட்பீர்கள். வெற்றிலைக்கும் இல்லை, பீடிக்கும் இல்லை. மாடியில் பயறு, அவரை போட்டால் அசுவினிப் பூச்சி வராமல் இருக்காது, அதற்கு எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வது புகையிலைக் கஷாயம்தான். கேரள வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிற பழைய மருந்து: அரைக் கிலோ புகையிலைக் காம்பை நாலரை லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துப் பிழிந்து, 120 கிராம் பார் சோப்பைத் தனியாகக் கரைத்து அதில் சேர்த்து, ஆறேழு மடங்கு தண்ணீர் விட்டு அடிப்பது. ஒவ்வொரு தடவையும் காம்பு தேடி அலைவதற்குப் பதில் நாமே நாலு செடி வைத்தால் என்ன என்றுதான் வாங்கினேன்.

பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு குட்டி ஜிப் கவர், காலியாகத்தான் தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓரத்து மடிப்பில் பழுப்புத் தூள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுதான் விதை. கசகசா இதற்குப் பக்கத்தில் பெரிசு. ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கும் மேல் நிற்கும், ஆக அவர்கள் சொல்லும் 500 விதை என்பது ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று ரிவ்யூவில் ஒரு ஸ்டார் போட்டிருப்பவர்கள் கவரை ஒரு தடவை தட்டிப் பார்த்திருக்கலாம்.

திட்ட வேண்டியது பின்பக்கத்துக் குறிப்பை. "அரை அங்குல ஆழத்தில் விதைத்து மண்ணால் மூடவும்" என்று போட்டிருக்கிறது. தக்காளிக்கோ வெண்டைக்கோ அடித்ததை அப்படியே இதிலும் ஒட்டியிருக்கிறார்கள் போல. இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும், அதோடு இவ்வளவு சின்ன விதைக்குள் இருக்கிற சத்தை வைத்துக்கொண்டு முளை அரை அங்குல மண்ணைத் தள்ளி மேலே வரவே வராது. புகையிலை விளைகிற வேடசந்தூர் பக்கம் இருக்கும் சித்தப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன், "மூடாத கண்ணு, மணலோட கலந்து மேலாப்புல தூவு, பூவாளியில பூப்போல தண்ணி விடு" என்றார். மாடியில் பூவாளித் தண்ணீரே விதையை ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் நான் ட்ரேயைத் தண்ணீர்த் தட்டில் உட்கார வைத்து அடியிலிருந்து ஈரம் ஏற விட்டேன். கிட்டத்தட்ட ஒரு வாரத்தில் பச்சைப் பொட்டுகள், அப்புறம் எண்ண முடியவில்லை. முளைப்புக்கு முழு மார்க்.

நெருக்கமாக விட்டால் நாற்றழுகல் வந்து தண்டு கீழே கறுத்துச் சாயும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொஞ்சம் நாற்றைப் பிடுங்கிக் கலைத்துவிட வேண்டும். கார்த்திகைக்கு மேல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மாடியில் அடிக்கிற அடியில் காலையில் ஈரமாக இருந்த ட்ரே மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், அதனால் புரட்டாசியிலேயே விதைத்து, காற்று வருவதற்குள் செடி வளர்க்கும் பைக்கு மாற்றிவிடுவது நல்லது. பைக்கு ஒரு செடிதான், இரண்டு வைத்தால் இரண்டும் கெடும்.

அடுத்த குறை, ரகம் எங்கேயும் எழுதவில்லை. "புகையிலை" என்று மட்டும் இருக்கிறது. மாலையில் மணக்கும் வெள்ளைப் பூவுக்காக வளர்க்கும் அலங்காரப் புகையிலை இருக்கிறது, மஞ்சள் பூ விடும் குட்டை ரகம் இருக்கிறது, சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா இருக்கிறது, வேடசந்தூர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த அபிராமி, பாக்கியலட்சுமி மாதிரி மெல்லும் புகையிலை ரகங்கள் இருக்கின்றன. எனக்கு வந்தது ஆள் உயரத்துக்குப் போய் ரோஸ் நிறத்தில் பூத்தது, சாதாரணப் புகையிலை என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இதுக்கு லைசென்ஸ் வேண்டாமுங்களா?" என்று கேட்டார். வர்ஜீனியாவைச் சாகுபடி செய்து விற்பவர்கள்தான் 1975ஆம் வருஷச் சட்டப்படி குண்டூரில் தலைமையகம் இருக்கிற புகையிலை வாரியத்தில் பதிய வேண்டும் என்றேன். நம் பையில் இருப்பது எது என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

செடி பார்க்க அழகு, சந்தேகமில்லை. இலையைத் தொட்டால் கையில் பிசின் ஒட்டிக் கறுப்பாகிறது, சோப்புப் போட்டுத் தேய்த்தால்தான் போகும். ஈர இலையை வெறுங்கையோடு பறிக்காதீர்கள், நிக்கோட்டின் தோல் வழியாக உள்ளே இறங்கித் தலைசுற்றலும் வாந்தியும் வரும். தக்காளி, மிளகாய்ப் பைகளை எட்டத்தில் வையுங்கள், தேமல் நோய் வைரஸ் கையோடு போய் அதுகளிலும் ஒட்டிக்கொள்ளும். பூச்சியைக் கொல்ல வளர்க்கிற இந்தச் செடியையே வெட்டுப்புழு சல்லடையாக்குகிறது, அதற்கு நான் வேப்பங்கொட்டைச் சாறு அடிக்க வேண்டியிருந்தது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல.

கணக்குப் பார்த்தால் கஷாயத்துக்காக இதை வாங்காதீர்கள். பச்சை இலையில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான், காய்ந்தபின் என் செடிகளெல்லாம் சேர்ந்து ஒரு முழு அளவு கஷாயத்துக்குக்கூட வரவில்லை. கடையில் காம்பு வாங்குவது எவ்வளவோ மேல். செடி வளர்க்கிற ஆசைக்கு என்றால் தாராளமாக வாங்கலாம், பின்பக்கத்தை மட்டும் படிக்காதீர்கள்.

கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன், "அடுத்த பேட்ச்சில் மாற்றிவிடுகிறோம் சார்" என்று ஒரு கைகூப்பும் பொம்மையோடு பதில் வந்தது. தோழிக்கு அதன் பிறகு வந்த பாக்கெட்டிலும் அதே அரை அங்குலம்தான். எனக்கு இனி அவர்கள் தயவு தேவையில்லை, இது தன் மகரந்தத்திலேயே காய்க்கிற செடி, முற்றிய காய் ஒன்றை உடைத்தாலே ஆயிரக்கணக்கில் விதை கொட்டுகிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், ஒரு சிட்டிகை மடித்துத் தருகிறேன்.